கொயினாவின் கடைசி மூன்று படிகள்

மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் முன்னாளில் வாழ்ந்த எவரும் கொயினாவின் கசப்பை அறியாமல் இருந்திருக்க முடியாது. காடழித்துத் தோட்டம் திறந்த இடங்களிலெல்லாம் கொசுவும் உடன் வந்தது. குளிர்சுரம் கண்டு மடிந்த தொழிலாளர் தொகை ஏராளம். 1901ஆம் ஆண்டிலே கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை அடக்கும் பணியைத் தொடங்கிவைத்தார். ஆயினும், தோட்டத்து மக்களைப் பொறுத்தவரை நெடுங்காலம் மருந்து என்றால் அது கொயினாதான். காலையில் பெரட்டுக்கு நிற்கும்போதே அதை வாங்கி விழுங்கிவிட்டு மரம் வெட்டப் போனவர்கள் உண்டு.

கொயினா, சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளுக்கு உரிய அம்மரத்தை 1860களில் ஆங்கிலேயர் நீலகிரியில் பயிரிட்டனர். டச்சுக்காரர் ஜாவாத் தீவில் பயிரிட்ட இனமோ மருந்துச் சத்து மிகுந்தது. ஆகவே இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், உலகத்துக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்தே வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ஜாவாவும் ஜப்பானியர் வசமாயின. உலகின் கொயினாப் பண்டகசாலை ஒரே நாளில் பூட்டப்பட்டது போலாயிற்று. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள், மருந்துக்கும் கொயினா இல்லாத முகாம்களில், காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டனர். பசிபிக் தீவுகளில் போரிட்ட நேசநாட்டுப் படைகளையும் அதே காய்ச்சல்தான் வாட்டியது.

இந்த நிலையில், 1944ஆம் ஆண்டு மே மாதம், கொயினாவை ஆய்வுக்கூடத்திலேயே முழுமையாகத் தொகுத்துவிட்டதாக அமெரிக்காவிலிருந்து ஓர் அறிவிப்பு வெளிவந்தது. அறிவித்தவர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராபர்ட் பர்ன்ஸ் உட்வர்டு, வில்லியம் டோரிங் என்னும் இருவர். இருவருமே 1917இல் பிறந்தவர்கள். முப்பது வயதைத் தொடாதவர்கள். நாளேடுகள் இச்செய்தியைக் கொண்டாடின. ஆனால் அந்த அறிவிப்பின் உள்ளே, எவரும் அப்போது கவனியாத ஓர் இடைவெளி இருந்தது. அது அடைபட 64 ஆண்டுகள் ஆயின.

கொயினாவைச் செய்ய முயன்றதில் உட்வர்டு முதல்வர் அல்லர். 1820இல் பெல்லத்தியே, கவந்து என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் பட்டையிலிருந்து அதைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தனர். 1856ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது இலண்டன் மாணவர், நிலக்கரித் தாரிலிருந்து வந்த ஒரு பொருளைக் கொண்டு கொயினா சமைக்கப் புறப்பட்டார். கொயினாவில் கரி அணுக்கள் 20, ஹைட்ரஜன் 24, நைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 2. தம் கையிலுள்ள பொருளை இரட்டித்து ஆக்ஸிஜன் சேர்த்தால் அணுக்கணக்கு சரியாக வரும் என்பது அவர் எண்ணம். செங்கல்லின் எண்ணிக்கை ஒத்திருந்தால் வீடும் ஒத்திருக்கும் என்று நம்பியதற்கு ஒப்பானது இது. கொயினா கிடைக்கவில்லை, அதே முயற்சியின் தொடர்ச்சியாக ஓர் அழகிய ஊதாச் சாயம் கிடைத்தது. செயற்கைச் சாயத் தொழில் பிறந்தது அந்தத் தோல்வியில்தான்.

அணுக்கள் எத்தனை என்பதைவிட, எது எதனோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதே முக்கியம். கொயினாவின் பிணைப்பு வரைபடத்தை 1908 அளவில் சரியாகக் கண்டவர் ஜெர்மானியப் பேராசிரியர் பவுல் ராபே. வரைபடம் மட்டும் போதுமா? போதாது. இடக்கையும் வலக்கையும் ஒரே விரல்களைக் கொண்டிருந்தும் ஒன்றின் உறை மற்றதற்குப் பொருந்தாதது போல, ஒரே அணுக்கள் ஒரே வரிசையில் பிணைந்திருந்தும் திசை மாறினால் பொருளே வேறாகிவிடும். கொயினாவின் மூலக்கூறில் இவ்வாறு திசை மாறக்கூடிய இடங்கள் பல உள.

உட்வர்டின் பிறப்பிடம் பாஸ்டன் நகரம். அவர் தந்தை 1918ஆம் ஆண்டின் கொடிய சளிக்காய்ச்சல் கொள்ளைநோயில் இறந்தார். பிள்ளைக்கு அப்போது வயது ஒன்றரை. ஸ்காட்லாந்தில் பிறந்த தாயின் பராமரிப்பில் குவின்சி என்னும் ஊரில் வளர்ந்த அச்சிறுவனுக்கு வீட்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. பள்ளிப் பருவத்திலேயே பாஸ்டனில் இருந்த ஜெர்மானியத் தூதரகத்துக்கு எழுதி, ஜெர்மன் வேதியியல் ஏடுகளை வரவழைத்துப் படித்தான் என்றால் அவன் தாகம் எத்தகையது என்பது விளங்கும். 1933இல், 16 வயதில், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். வகுப்புப் பாடங்களில் கவனம் செலுத்தவில்லை என்று 1934இல் கழகம் அவரை வெளியேற்றியது. அடுத்த ஆண்டே திரும்பச் சேர்த்துக்கொண்டது. 1936இல் இளங்கலைப் பட்டம்; 1937இல், 20 வயதில், டாக்டர் பட்டம். மாணவனை வெளியேற்றிய நிறுவனமே வழக்கத்தை விலக்கி அவனுக்கு வழிவிட்டதை அதன் பெருந்தன்மை என்றே சொல்லவேண்டும். அதே ஆண்டில் ஹார்வர்டுக்குச் சென்ற உட்வர்டு இறுதிவரை அங்கேயே இருந்தார்.

கொயினாப் பணிக்கு அவரை இழுத்தது மருத்துவம் அன்று, கண்ணாடித் தொழில். போலராய்டு நிறுவனத்தை நடத்திய எட்வின் லேண்ட், ஒளியைச் சீர்ப்படுத்தும் தகடுகளுக்குக் கொயினாவும் அயோடினும் சேர்ந்த படிகங்களைப் பயன்படுத்தி வந்தார். போரினால் கொயினா கிட்டாமற் போகவே, 1942இல் உட்வர்டை ஆலோசகராக அமர்த்தினார். கொயினாவைத் தொகுக்கலாம் என்னும் உட்வர்டின் திட்டத்துக்குப் பொருளுதவியும் செய்தார். 1943 பிப்ரவரியில் பணி தொடங்கியது. திட்டம் உட்வர்டுடையது; கண்ணாடிக் குடுவைகளோடு இரவு பகலாகப் போராடியவர் பெரும்பாலும் டோரிங்.

அத்திட்டத்தின் நயம் தனியே சொல்லத் தக்கது. கொயினாவின் ஒரு பாதியில் இரு கிளைகள் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்க வேண்டும். தனித்தனியே கிளைகளை நட்டால் அவை எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. எனவே உட்வர்டு, தேவைக்கு அதிகமான ஒரு வளையத்தை வேண்டுமென்றே கட்டினார். வளையத்தின் இரு முனைகளும் ஒரே பக்கத்தில் பிணைக்கப்பட்ட பின், அந்த வளையத்தை உடைத்தார். உடைந்த இரு துண்டுகளும் வேண்டிய பக்கத்திலேயே கிளைகளாக நின்றன. கமான் கட்டும் கொத்தனார் சாரத்தின்மேல் கல்லடுக்கிப் பின் சாரத்தைப் பிரித்துவிடுவது போன்ற உத்தி இது. கிடைத்த பொருள் இடம் வலம் இரண்டும் கலந்த கலவை. புளியில் உள்ள டார்ட்டாரிக் அமிலத்திலிருந்து செய்த ஒரு பொருளைக் கொண்டு அவற்றைப் பிரித்தனர். 14 மாத உழைப்புக்குப் பின், 1944 ஏப்ரலில், அவர்கள் கையில் மிகச் சிறிய அளவு பொருள் இருந்தது.

அந்தப் பொருள் கொயினா அன்று, குயினோடாக்ஸின்.

கொயினாவை அமிலத்தோடு சூடாக்கினால் அதன் வளையம் ஒன்று திறந்து குயினோடாக்ஸின் ஆகும் என்பதை 1853இலேயே லூயி பாஸ்டர் கண்டிருந்தார். திறந்ததை மீண்டும் மூடமுடியுமா? முடியும், மூன்றே படிகளில் மூடிவிட்டோம் என்று ராபேயும் கார்ல் கிண்ட்லரும் 1918இல் அறிவித்தனர். அது மிகச் சுருக்கமான குறிப்பு. எந்த அளவில், எத்தனை நேரம், எப்படி என்னும் விவரங்கள் அதில் இல்லை. உட்வர்டும் டோரிங்கும் அந்த மூன்று படிகளைத் தாங்கள் செய்து பார்க்கவில்லை. குயினோடாக்ஸின் வரை நாங்கள். அதற்கு மேல் ராபே. ஆகவே முழுத் தொகுப்பு நிறைவேறியது என்று கணக்கு முடித்தனர். இதை அவர்கள் மறைக்கவில்லை. ராபேயின் பணியைச் சுட்டியே எழுதினர். முன்னோர் நிறுவிய இடத்திலிருந்து தொடர்வது அக்காலத்து வழக்கமும் ஆகும். எனினும், கட்டுரையின் தலைப்பு ‘கொயினாவின் முழுத் தொகுப்பு’ என்று இருந்தது. நாளேடு படித்தவனுக்கு, இரு இளைஞர்கள் கொயினாவைக் குப்பியில் வைத்திருக்கிறார்கள் என்றே தோன்றியிருக்கும். உண்மையில் போர்க்களத்துக்கு அந்த ஆய்விலிருந்து ஒரு மாத்திரையும் போகவில்லை. படையினரைக் காத்தது அட்டபிரின் என்னும் மஞ்சள் மாத்திரை.

அதனால் உட்வர்டின் புகழ் வெறும் ஆரவாரம் என்று எண்ணுவது பெருந்தவறு. பின்னர் அவர் செய்தவை கொயினாவை மிஞ்சியவை. போர்க்காலத்தில் பென்சிலினின் அமைப்பைப் பற்றி எழுந்த விவாதத்தில், ஆக்ஸ்ஃபோர்டின் பெரும் பேராசிரியர் இராபர்ட் இராபின்சனுக்கு மாறான பக்கத்தில் நின்றார். 1945இல் டோரதி ஹாட்ஜ்கினின் எக்ஸ்ரே ஆய்வு உட்வர்டின் பக்கமே உண்மை என்று காட்டியது. 1954இல் ஸ்டிரிக்னினைத் தொகுத்தார். அது எட்டிக்கொட்டையின் நஞ்சு. ஈயாதவன் செல்வத்துக்கு எட்டிப்பழத்தை உவமை சொல்வது தமிழ் வழக்கு. உருவில் அழகு, உள்ளே மரணம். 21 கரி அணுக்களுக்குள் ஏழு வளையங்கள் பின்னிக்கிடக்கும் அந்த மூலக்கூறை ஒருவர் தொகுக்க முடியும் என்று அதற்கு முன் நம்பியவர் அரியர். 1963இல் அப்பணியை விரித்தெழுதிய கட்டுரையை, நஞ்சின் பெயரை எழுதி அதன் பக்கத்தில் ஒரு வியப்புக்குறி இட்டே அவர் தொடங்கினார். ஆய்வேட்டில் அப்படித் தொடங்க அவருக்கே துணிவு வரும்.

1956இல் தொகுத்தது ரிசர்ப்பின். இது நம் நாட்டு மருத்துவர் பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் கொடுத்துவந்த சர்ப்பகந்தி வேரின் சத்து. பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அந்த வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை 1949இல் ஆங்கில மருத்துவ ஏட்டில் எழுதிய பின் மேனாட்டார் கண் அதன்மேல் விழுந்தது. இதன் தொகுப்பில் உட்வர்டு கண்ட இடர்ப்பாடு சுவையானது. எல்லாம் கூடிவந்த பின், ஓரிடம் மட்டும் திசை மாறி நின்றது. அப்படி நிற்பதே மூலக்கூறுக்கு வசதி. திருப்பினாலும் பழைய நிலைக்கே போய்விடும். உட்வர்டு என்ன செய்தார்? மூலக்கூறின் வேறிரு முனைகளை இழுத்துக் கட்டினார். கட்டப்பட்ட நிலையில், முன்பு வசதியாக இருந்த அமைப்பு நெருக்கடியாயிற்று. சூடேற்றியவுடன் அது தானாகவே வேண்டிய பக்கம் திரும்பிக்கொண்டது. பிறகு கட்டை அவிழ்த்தார். வலிந்து திருப்புவதற்குப் பதிலாக, தானே திரும்பும்படி சூழலை அமைத்த இந்தச் செயலை வேதியியலார் இன்றும் மாணவருக்குப் பாடமாகச் சொல்கின்றனர்.

1960இல் இலைப்பச்சையமும் அவர் கூடத்தில் உருவாயிற்று. அடுத்தடுத்துப் பரிசுகளும் வந்தன. 1959இல் இலண்டன் ராயல் கழகத்தின் டேவி பதக்கம், 1964இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் பதக்கம், 1965இல் நோபல் பரிசு, 1978இல் காப்ளி பதக்கம். நோபல் பேருரையில் பழைய வெற்றிகளைப் பேசி முடித்துக்கொள்ளாமல், அதுவரை வெளியிடாத செஃபலோஸ்போரின் தொகுப்பை அறிவித்தார். நீல உடை, நீலக் கழுத்துப்பட்டை அன்றி வேறு அணியாதவர். அவர் கார் நிறுத்துமிடத்துக்குக்கூட நீலம் பூசியிருந்தனர். வண்ணச் சுண்ணக்கட்டிகளால் கரும்பலகையில் மூலக்கூறுகளை ஓவியம்போல் வரைந்து, மணிக்கணக்கில் பேசுவார். தமக்குரிய பெருமையில் குறை நேர்ந்தால் வாளாவிருப்பவரும் அல்லர். ஃபெரோசீன் என்னும் பொருளின் அமைப்பைக் கண்டதில் தமக்கும் பங்கிருக்க, அத்துறைக்கான 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு மற்ற இருவருக்கு மட்டும் சென்றபோது, பரிசுக் குழுவுக்கே எதிர்ப்புக் கடிதம் எழுதினார். எது யாருடையது என்பதில் அத்துணைக் கண்டிப்பு உடையவர், கொயினாவின் கடைசி மூன்று படிகளை மட்டும் பிறர் சொல்லில் விட்டுவைத்தது வியப்பே.

வாழ்நாளின் பெரும்பணி பி12 வைட்டமின். சூரிக் நகரின் ஆல்பர்ட் எஷன்மோசரும் உட்வர்டும் தத்தம் குழுக்களோடு, ஏறத்தாழ நூறு இளம் ஆய்வாளர்களின் கையுழைப்பில், பத்தாண்டுகளுக்கு மேல் பாடுபட்டு 1972இல் அதை முடித்தனர். அப்பணியில் எதிர்பாராது கிட்டிய ஒரு விளைவைத் துருவியே, இளைஞர் ரோல்டு ஹாஃப்மனுடன் சேர்ந்து 1965இல் உட்வர்டு–ஹாஃப்மன் விதிகளை வகுத்தார். அவ்விதிகளின் பொருட்டு ஹாஃப்மனுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. உட்வர்டு 1979 ஜூலை 8இல், 62 வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமாகியிருந்தார். இருந்திருந்தால் அவருக்கு அது இரண்டாவதாக இருந்திருக்கும் என்பது பலர் கருத்து.

பி12இல் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. 1972இல் அவர்கள் எட்டியது கோபிரிக் அமிலம் வரையே. அதிலிருந்து வைட்டமினுக்குச் செல்லும் வழியை ஜெர்மானிய ஆய்வாளர் 1960இல் காட்டியிருந்தனர். கொயினாவில் இருந்த அதே நிலை. ஆனால் இம்முறை உட்வர்டின் கூடம் அத்துடன் விடவில்லை. எஞ்சிய வழியையும் தம் கையாலேயே நடந்து, 1976இல் வைட்டமின்வரை சென்று முடித்தது. கொயினாவின் நினைவு அதற்குக் காரணமா என்பதை அவர் எங்கும் சொல்லவில்லை. மூப்பும் பொறுப்பும் கற்பித்த பாடம் என்று கொள்வதில் தவறில்லை.

கொயினாவின் கணக்கோ திறந்தே கிடந்தது. 1970இல் ரோஷ் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர் வேறு வழியில் கொயினாவைத் தொகுத்தனர். 2001இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்டார்க், திசை மாறும் எல்லா இடங்களையும் தம் கட்டுப்பாட்டில் வைத்து அதை முதன்முதலாகத் தொகுத்தார். வாலிபத்திலேயே கொயினாவின்மேல் மனம் வைத்து, எண்பதை நெருங்கிய வயதில் அதை முடித்தவர் அவர். அந்தக் கட்டுரையிலேயே உட்வர்டு, டோரிங் இருவரும் கொயினாவைத் தொகுத்தனர் என்பது வெறும் கட்டுக்கதை என எழுதினார். ராபேயின் மூன்று படிகளை எவரும் மெய்ப்பித்ததில்லை. மெய்ப்பிக்கப்படாததன்மேல் நின்று முழுமை கொண்டாடலாகாது என்பதே அவர் வாதம். பாடநூல்களில் ஐம்பது ஆண்டுக்கு மேல் அச்சாகிவந்த ஒரு வெற்றி ஐயத்துக்கு உள்ளானது. உட்வர்டு இல்லை, டோரிங் எண்பதைக் கடந்த முதியவராய் இருந்தார்.

வேதியியல் வரலாற்றாளர் ஜெஃப்ரி சீமன் பழைய குறிப்பேடுகளையும் கடிதங்களையும் துருவி, ராபே பொய் சொல்லியிருக்க முடியாது என்று 2007இல் விரிவாக எழுதினார். ஆவணம் எத்தனை இருந்தாலும் வேதியியலில் இறுதித் தீர்ப்பு குடுவைக்கே உரியது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் இராபர்ட் வில்லியம்சும் அவருடைய சக ஆய்வாளர் ஆரன் ஸ்மித்தும், 1944இல் கிடைத்திருக்கக்கூடிய கருவிகளையும் முறைகளையும் மட்டுமே கொண்டு அந்த மூன்று படிகளைச் செய்து பார்த்தனர். முதல் இரண்டும் கூடிவந்தன. மூன்றாம் படியில் அலுமினியத் தூள் வேண்டும். புதிதாகத் திறந்த குப்பியின் தூய தூளைப் போட்டபோது கொயினா சரியாக வரவில்லை. அவர்கள் மேலும் ஆராய்ந்தபோதுதான், ராபேயின் காலத்துத் தூள் காற்றுப்பட்டுச் சற்றே மங்கியதாக இருந்திருக்கும் என்று தோன்றியது. தூளைக் காற்றில் வைத்து ஆக்ஸிஜன் படியவிட்ட பின் போட்டனர். 1918இல் ராபே சொன்ன அளவுக்கே கொயினா வந்தது.

இந்த முடிவு 2008இல் வெளியாயிற்று. அப்போது டோரிங்குக்கு வயது 90. மூன்று ஆண்டுகள் கழித்து, 2011இல், அவர் காலமானார்.